பிள்ளைத் துடக்கு

போன கிழமை, நவராத்திரி தொடங்கிய அன்று, எங்கள் வகுப்புக் குழுவில் உங்களில் ஒருத்தி ஒரு குரல் பதிவு போட்டாள். கனடாவில் இருக்கிறவள், பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வழியில் மூச்சு வாங்க வாங்கப் பேசுகிறவள். பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்.

"எங்கடை பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசை மாதிரி உலகத்திலை எங்கையும் இல்லை," என்று தொடங்கினாள். "பத்துப் பதினொரு வருசமாப் பிள்ளை இல்லாத ஒரு பொம்பிளை எங்கடை சரஸ்வதிக்கு முன்னாலை வந்து அழுதா. அடுத்த நவராத்திரிக்குப் பிள்ளை பிறந்திட்டுது. பச்சை உடம்போடை வந்து, துடக்கெண்டபடியாலை உள்ளுக்கு வராமல், படியிலை நிண்டு கும்பிட்டிட்டுப் போனா. நான் என்ரை கண்ணாலை கண்டனான்."

அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் கும்பிடு கைகளை வரிசையாகப் போட்டிருந்தீர்கள். லண்டன்காரன் மட்டும் "அந்தப் பிள்ளைக்கு இப்ப ஐம்பது வயது தாண்டியிருக்கும், எங்கை இருக்குதோ" என்று கேட்டிருந்தான்.

எங்கேயும் இல்லை. அந்தப் பெண் என் சித்தி. அவருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறந்தது என்று சொன்னவள் நான்.

குரலில் பேசினால் நடுவில் சிரித்துக் கெடுத்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். சித்திக்கு இப்போது எண்பத்தைந்து வயது. பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறார். காது நன்றாகக் கேட்கும், கண்தான் மங்கல். எழுதட்டுமா என்று போய்க் கேட்டேன். "எழுதன். ஆனால் என்னைப் பாவம் மாதிரி எழுதாதை," என்றார். முயற்சி செய்கிறேன்.

புது அதிபர் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பேக்கரி வாசலில் பாணுக்கு விடியவே வரிசையில் நின்ற காலம். சீனி கிடைக்காமல் பூசை அவலுக்குப் பனங்கட்டி போட்டுக் குழைத்த காலம். பழைய அதிபர் இருந்தவரை காலையில் ஒரு தேவாரம், வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் நீட்டாக, அத்தோடு சரி. புதியவர் வந்து பக்தியை வாசலுக்குக் கொண்டுவந்தார். நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்று பார்க்க மாணவர் தலைவன் ஒருவன் நிற்பான். வெறும் நெற்றியோடு வந்தவர்கள் ஒரு பக்கம் ஒதுங்க வேண்டும், ஒதுங்கினால் பிரம்பு.

நாங்கள் கண்டுபிடித்த வழி உங்களுக்கு மறந்திருக்காது. வெண்கட்டித் துண்டை எச்சிலில் தொட்டு மூன்று கோடு. காயும்போது தோலை இழுக்கும், வெயில் ஏற ஏறக் கடிக்கும். ஒரு நாள் அதிபர் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, என் தலையைப் பிடித்துப் பிள்ளைகள் பக்கம் திருப்பி, "இந்த நெற்றியைப் பாருங்கோ, என்ன லட்சணம்!" என்றார். அது கணிதப் பாடம் முடிந்து கரும்பலகைக்குக் கீழே பொறுக்கியது. கடவுளோடு எனக்கு அப்போது ஒரு வழக்கும் இருக்கவில்லை. ஆனால் கடவுளின் பெயரால் மார்க் போடுகிறவர்கள் சரியாகப் பார்த்துத்தான் போடுகிறார்களா என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் வந்தது.

பிறகு வந்தது உயிர்ச் சரஸ்வதி. விசயதசமிக்குப் படம் வைத்துப் பூசை செய்வது அதிபருக்குப் போதவில்லை. மண்டபத்தில் உயிரோடு ஒரு சரஸ்வதி இருக்க வேண்டும், ஊர்ச்சனம் வந்து தீபம் காட்டிக் கும்பிட வேண்டும், கல்வி அதிகாரி முன் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும். மரப்பெட்டியைச் சுற்றி மூங்கில் தடி கட்டி மெல்லிய ரோசா நிற ரிசுத்தாளில் தாமரை இதழ் ஒட்டினோம். மரவேலை மாஸ்டர் பனை மட்டையிலும் காய்ந்த சுரைக்காயிலும் வீணை செய்தார், தூரத்தில் பார்த்தால் அசல்தான். தலையில் வைக்கும் முடிக்குச் சிகரட் பெட்டிக்குள் இருக்கும் தங்கத் தாள் வேண்டும். அதைப் பொறுக்க நாங்கள் கள்ளுக் கொட்டில் பக்கமெல்லாம் திரிந்தோம், பக்தியின் பெயரால் யாரும் கேட்கவில்லை.

சரஸ்வதிக்கு நாலு கை. முன்னுக்கு இருந்தவளுக்கு இரண்டுதான். ஆகவே பெட்டிக்குப் பின்னால், இதழ்களுக்குள் மறைந்து, மற்ற இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஒருத்தி இருக்க வேண்டும். ஒரு கையில் செபமாலை, மறு கையில் ஏடு. முதல் வருடம் அந்தப் பின்கைகள் நான்தான். முன்னுக்கு இருந்தது நம் குரல் பதிவுக்காரி.

பின்னுக்கு இருந்து பார்த்தால் தெய்வம் வேறு மாதிரி இருக்கும். சேலை முழுவதும் சட்டை ஊசி. கழுத்தடியில் வேர்க்குரு. வியர்வையில் ரிசுத்தாளின் சாயம் கரைந்து என் இரண்டு முழங்கையும் ரோசா நிறம். கற்பூரப் புகை எல்லாம் பின்னுக்குத்தான் வந்தது. நடுப்பூசையில் தெய்வம் பல்லைக் கடித்துக்கொண்டு, "எடி, மூக்குக் கடிக்குது, சொறிஞ்சு விடடி" என்றது. நான் செபமாலைக் கையை மெல்ல உயர்த்தித் தடவித் தடவி மூக்கைத் தேடிப் பிடித்துச் சொறிந்துவிட்டேன். சனம் "அம்மா!" என்று தலைக்கு மேல் கை குவித்தது. கை எழுந்து ஆசீர்வதித்ததாம். அதிபர் அதைப் பிறகு கூட்டத்தில் சொல்லியே விட்டார்.

எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, சித்தி வரும்வரை.

சித்தி என்றால் அப்பாவின் ஒரே தம்பியின் மனைவி. சித்தப்பா வவுனியாவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். விடுமுறைக்கு ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வருவார்கள். கலியாணமாகிப் பத்து வருடம், பிள்ளை இல்லை. வந்து இறங்கிப் பெட்டியை வைக்க முதலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "என்ன, விசேசம் ஒண்டும் இல்லையோ?" ஊரில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பொருள்தான். சித்தி நிலத்தைப் பார்த்து, "கடவுள் தரேக்கை" என்பார். கேட்டவர் ஒரு விரதம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். வெள்ளி பிடித்தார், சட்டி பிடித்தார், கேதாரகௌரி பிடித்தார், கந்தசட்டி ஆறு நாளும் தண்ணீரோடு இருந்தார். சட்டையின் கை வருடத்துக்கு வருடம் தொளதொளத்துக்கொண்டு போனது. எங்கள் வீட்டில் அதற்குப் பக்தி என்று பெயர். சித்தியைப்போல் ஒரு பக்தை இல்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்வார்.

அன்றைக்குச் சித்தியும் வரிசையில் வந்து சரஸ்வதிக்கு முன்னால் நின்றார். பின்னால் நின்றவர்கள் தள்ளியும் அசையவில்லை. அவருடைய குரல் இதழ் இடுக்கு வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. "அம்மா, எனக்குக் களைச்சுப் போச்சு. என்னை விட்டிடம்மா." அவ்வளவுதான் கேட்டார்.

பூசை முடிந்து தண்ணீர்க் குழாயடியில் முகம் கழுவும்போது நம் சரஸ்வதி எல்லோருக்கும் சொன்னாள், "உவளின்ரை சித்தி என்னட்டைப் பிள்ளை கேட்டவ." நான் மறுக்கவில்லை. ஆனால் ரிசுத்தாளுக்குள் ஒளிந்திருந்து அந்தக் குரலைக் கேட்டது களவு எடுத்ததுபோல் இருந்தது. ஒரு பெரிய மனுசி தன் களைப்பை எங்கள் இரண்டு பேரிடமும் கொண்டுவந்து வைத்திருக்கிறார், எங்களிடம் கொடுக்க ஒன்றுமில்லை. இனி இந்த விளையாட்டுக்கு நான் இல்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

அடுத்த வருடம் என்னை முன்னுக்கு இருத்தத் தீர்மானித்தார்கள். பழைய சரஸ்வதிக்கு முகம் முழுக்கப் பரு. (கோவிக்காதே, உண்மையைத்தானே எழுதுகிறேன்.) பொறுப்பாக இருந்தவர் சமய ரீச்சர். அவரிடம் "நான் இருக்க மாட்டன் ரீச்சர்" என்றேன். "வெக்கப்படாதை, பழகினாச் சரி," என்று கன்னத்தில் தட்டினார். அதிபரிடம் போய், "எனக்கு உதிலை நம்பிக்கை இல்லை சேர்" என்றேன். அவர் சிரித்தார். "இருந்து பார், நம்பிக்கை வரும்." மூன்றாவதாகக் கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்தேன், சரஸ்வதியாக இருக்க எனக்கு இஷ்டம் இல்லை என்று. அதிபர் சிவப்பு மையால் 'இஷ்டம்' என்பதை வெட்டி 'விருப்பம்' என்று திருத்தி, நல்ல தமிழில் எழுதப் பழகு என்று திருப்பித் தந்தார். வீட்டில் அம்மா, "ஆருக்குக் கிடைக்கும் உந்த அதிட்டம், உனக்குக் கொழுப்பு" என்றார்.

முடி அளவு பார்க்க ரீச்சர் என்னைக் கூப்பிட்ட அன்று, தங்கத் தாள் நெற்றியில் முட்டிய நேரம், என் வாய் தானாகச் சொன்னது.

"ரீச்சர், எங்களுக்குத் துடக்கு."

முடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. துடக்கு, அதாவது தீட்டு, என்பதை உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். குடும்பத்தில் சாவோ பிறப்போ நடந்தால் முப்பத்தொரு நாள் கோயிலும் இல்லை, பூசையும் இல்லை. எந்தப் பெரியவரும் மறுத்துப் பேச முடியாத ஒரே காரணம் அதுதான். 'மூன்று நாள்' என்று சொல்லியிருக்கலாமே என்று பெண்கள் கேட்பீர்கள். ரீச்சர் அந்தக் கணக்கை முதலே கேட்டு வைத்திருந்தார்.

"ஐயோ, ஆர் செத்தது பிள்ளை?"

ஆரையாவது சாகடித்திருக்கலாம். வாய் வரவில்லை. நம்பிக்கை இல்லாதவள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவள், சொன்னால் பலித்துவிடுமோ என்று பயந்துபோனேன். இன்றைக்கும் இதை நினைத்தால் எனக்கு என்மேல் சிரிப்புத்தான் வரும்.

"சாத்துடக்கு இல்லை ரீச்சர். பிள்ளைத் துடக்கு."

"ஆருக்குப் பிள்ளை?"

அங்கேதான் மாட்டினேன். தாய்வழியில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் எங்களுக்குத் துடக்கு வராது, தகப்பன் வழி வேண்டும். அப்பாவுக்கு ஒரே ஒரு தம்பி. சட்டப்படி ஒரேயொரு பெண்தான் எனக்காகப் பிள்ளை பெறலாம்.

"சித்திக்கு."

"எந்தச் சித்தி? வவுனியாவிலை இருக்கிறவவோ?" ரீச்சரின் குரல் மேலே போய்விட்டது. அவரும் சித்தியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பது எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது. "மெய்யோடி? என்ன பிள்ளை? எப்ப?"

"பொம்பிளைப் பிள்ளை. முந்தநாள்."

என்னைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தவர், துடக்கு நினைவுக்கு வந்து நடுவழியில் நின்றார். இரண்டு கையும் விரித்தபடி நின்று அழுதார். மூக்கு ஒழுகுவதைக்கூடத் துடைக்கவில்லை. நான் சொன்ன பொய்யை நம்பி ஒருவர் சந்தோசத்தில் அழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கேவலமானது என்று எனக்கு அன்று தெரிந்தது.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் அதிபர் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். போன வருடம் நமது சரஸ்வதியின் முன் கண்ணீர் விட்ட ஒரு தாய்க்கு இந்த வருடம் மழலைச் செல்வம் கிடைத்திருக்கிறது என்றார். அந்தத் தெய்வத்தின் கை எழுந்து ஆசீர்வதித்ததை நாம் எல்லோரும் கண்டோம் என்றார். மூக்குச் சொறிந்த கை. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். இந்தக் காட்சிகளில் இருந்து தப்ப ஒரு பொய் சொல்லப்போய், அவர்களுக்கு இல்லாத அற்புதத்தை நானே செய்து கையில் கொடுத்துவிட்டேன்.

நவராத்திரி ஒன்பது நாளும் பூசை நேரத்தில் நான் மண்டபத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில் இருந்தேன். நான் கேட்டது அதுதான், கிடைத்தது. ஆனால் கடலை அவிக்கிற வாசமும் மணிச் சத்தமும் வரும்போதெல்லாம் விசயதசமிக்கு எத்தனை நாள் என்று விரல் மடித்து எண்ணினேன். சித்தியும் சித்தப்பாவும் விசயதசமிக்கு முதல் நாள் வருவார்கள். அவருக்கு இது தெரிந்தால்? பத்து வருடத்துக்கு மேலாக எல்லோரும் கேள்வி கேட்டே தேய்த்துவைத்திருக்கிற ஒருவரை, இல்லாத பிள்ளைக்குத் தாயாக்கி ஊர் முன்னால் நிறுத்தியிருக்கிறேன். பொய் பிடிபடுவதோ பிரம்படியோ அல்ல, சித்தியின் முகம் எப்படி மாறும் என்பதுதான் எனக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை ரீச்சர் நொண்டிக்கொண்டு வந்தார். சேலைக்குக் கீழே தெரிந்த பாதத்தில் தோல் உரிந்திருந்தது. "உன்ரை சித்திக்காக நேர்ந்து வைச்சிருந்தனான்," என்றார். "விடிய முதல் போய் அடி அழிச்சுப்போட்டு வாறன்." ஒவ்வோர் அடிக்கும் நிலத்தில் விழுந்து கும்பிட்டு எழுந்து கோயிலைச் சுற்றுவதைத்தான் அப்படிச் சொல்வது. புரட்டாதி மழையில் முழங்கால் தேயத் தேயச் சுற்றியிருக்கிறார். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறார், அதிபருக்கும் சொல்லவில்லை. அதுவரை ரீச்சரையும் அதிபரையும் நான் ஒரே கூட்டில்தான் போட்டு வைத்திருந்தேன். அது என் பிழை. நம்பிக்கை எனக்கு அன்றும் வரவில்லை, ஆனால் அவருக்கு இருந்தது அசல் என்பது தெரிந்தது.

சித்தி வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். ஒன்பது நாளும் ஒருவேளைச் சாப்பாடு. இரவு படுக்க முதல் என் தலையைத் தடவி, "நாளைக்கு உங்கடை பள்ளிக்கூடப் பூசைக்குப் போவம், என்ன" என்றார்.

விடிந்ததும் கிணற்றடிக்குப் போனேன். சித்தி குளித்து முடித்து ஈரத் தலையைப் பிழிந்துகொண்டு நின்றார். வேலியைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தரம் மாட்டேன் என்று சொன்னதிலிருந்து அடி அழித்தது வரைக்கும். இதழ் இடுக்கால் கேட்டதையும் சொன்னேன். முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

சித்தி தலையைப் பிழிந்து முடித்தார். பிறகு கேட்டார், "என்ன பிள்ளை எண்டு சொன்னனி?"

"பொம்பிளைப் பிள்ளை."

வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி, நிறைய அள்ளி, தலையில் ஊற்றினார். பிறப்போ சாவோ காதில் விழுந்தால் தலையில் தண்ணீர் வார்ப்பது எங்கள் வழக்கம். எதற்காக வார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. முகமெல்லாம் தண்ணீர், அழுதாரா என்பதும் தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிவும் இல்லை. இரண்டாவது வாளியும் வார்த்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது, பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"தாய்வழித் துடக்கு வராதெண்டு யோசிச்சோடி என்னைப் பிடிச்சனி?"

"ஓம் சித்தி."

"மூளைதான்," என்றார். மூக்கை உறிஞ்சினார். "வெளிக்கிடு. பள்ளிக்கூடம் போவம்."

போக வேண்டாம் என்று நான் காலைப் பிடிக்காத குறை. கேட்கவில்லை. உள்ளே அம்மாவிடம், "அக்கா, பிள்ளையோடை பூசைக்குப் போட்டு வாறன்" என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் போகும்போது மண்டபத்தில் பூசை தொடங்கியிருந்தது. ஆள் கிடைக்காமல் பழைய சரஸ்வதியையே பவுடர் அப்பி இருத்தியிருந்தார்கள். சித்தி படியில் முதல் கால் வைக்க, உள்ளேயிருந்து ரீச்சர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நில்லும், நில்லும்! உள்ளுக்கு வந்திடாதையும்! பச்சை உடம்பு, பதினைஞ்சு நாள்கூட ஆகேல்லை, என்ன துணிவிலை வெளிக்கிட்டனீர்? பிள்ளையை ஆரிட்டை விட்டிட்டு வந்தனீர்?"

"பிள்ளை இல்லை," என்றார் சித்தி.

ரீச்சரின் கை வாய்க்குப் போனது. "ஐயோ…"

"செத்துப் போகேல்லை. பிறக்கேல்லை. எனக்குப் பிள்ளையும் இல்லை, துடக்கும் இல்லை."

அதற்குள் அதிபர் வெளியே வந்துவிட்டார். "என்ன இது, அதிகாரி இருக்கிறார்" என்று கிசுகிசுத்தார். ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். விசயம் விளங்கிவிட்டது.

"அப்ப உவள் சொன்னது பொய்யோ?" என்றார் அதிபர்.

"ஓம் சேர், பொய்தான்." சித்தி மற்றக் காலையும் படியில் வைத்தார். "அதுக்கு முதல் மூண்டு தரம் மெய் சொன்னவள். இருக்க மாட்டன் எண்டு உங்களுக்கும் சொன்னவள், எழுதியும் தந்தவள். மெய் சொன்ன நேரம் ஒருத்தரும் கேக்கேல்லை. துடக்கெண்டவுடனை எல்லாரும் கேட்டியள்."

அதிபர் உள்ளே பார்த்தார். அதிகாரி கதிரையில் திரும்பிக்கொண்டிருந்தார். "இதைப் பிறகு கதைப்பம்," என்று சொல்லி உள்ளே போனார். மணி திரும்பவும் அடித்தது. அந்தப் 'பிறகு' வரவேயில்லை. கூட்டத்தில் அறிவித்த அற்புதத்தை அவர் திருத்தவுமில்லை. என் கடிதத்தில் ஒரு சொல்லைத் திருத்தியவருக்கு இது முடியாமல் போய்விட்டது.

ரீச்சர் ஈரப் படியென்றும் பாராமல் குந்திவிட்டார். "உம்மைக் கண்ட நேரமெல்லாம் நானும் கேட்டிருக்கிறன், என்ன?"

"ஓம். ஒவ்வொரு தரமும்."

"உமக்கு நோகும் எண்டு நான் யோசிக்கேல்லை."

"நீர் எனக்காக அழுகிறனீர் எண்டும் தெரியும். அதுதான் சொல்ல ஏலாமல் கிடந்தது." சித்தி அவர் பக்கத்தில் குனிந்தார். "டொக்டர் நாலு வருசத்துக்கு முதலே சொல்லிப்போட்டார், பிள்ளை வராதெண்டு. இவருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஆருக்கும் சொல்லாமல் விரதம் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சம். இல்லாட்டில் சனம் என்ன சொல்லும். இனி எனக்காக ஒண்டும் நேராதையும். உம்மடை காலைப் பாரும்." அப்படிச் சொல்லிக் கை குவித்தார்.

குரல் பதிவுக்காரியே, உயரத் தாமரையில் இருந்து உன் கண்ணால் நீ கண்டது அதைத்தான். சித்தி கும்பிட்டது ரீச்சரை.

ரீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். நான் அடிக்குத் தயாராகக் கையை நீட்டினேன். "உனக்கு மெய்யாவே நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை ரீச்சர்."

"அப்ப உன்னை இருத்தப் பாத்தது என்ரை பிழை. நம்பிக்கை இல்லாததை எப்பிடிச் சரஸ்வதி எண்டு கும்பிடுறது?" அதை அவர் கோபமில்லாமல், யோசித்துச் சொன்னார். "வெள்ளிக்கிழமையிலை பின்வரிசையிலை நில். பாட வேண்டாம். வாயையும் சும்மா அசைக்காதை."

அதன்பிறகு இரண்டு வருடம் நான் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு நின்றது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். தொண்டையில் ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பீர்கள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அம்மாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அன்று பின்னேரம் சித்தி சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரியும். என் தொடையில் நுள்ளிய நுள்ளு ஒரு கிழமை கிடந்தது. "நான் துடக்கோடை கோயிலுக்குப் போனனெண்டெல்லோ சனம் கதைச்சிருக்கும்!" என்பதுதான் அவருடைய முதல் கவலை. விரதமும் டொக்டரும் எல்லாம் பிறகுதான் மண்டையில் ஏறியது. ஏறிய பிறகு சித்தியைப் பக்தை என்று சொல்வதை விட்டுவிட்டார். காலையில் இரண்டு தோசை கூடப் போடத் தொடங்கினார்.

பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. சித்தி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேகமாக நடந்தார், நான் ஓட வேண்டியிருந்தது. சந்தியில் தேத்தண்ணிக் கடை வந்ததும் நின்றார். "எனக்குப் பசிக்குது," என்றார். சித்தியின் வாயால் அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை. பெண்கள் கடை வாசலில் நின்று சாப்பிடாத காலம் அது. சித்தி வாசலிலேயே நின்று வடை வாங்கி, எனக்கொன்று தந்து, தானும் கடித்தார்.

கடைக்காரர் சித்தப்பாவோடு படித்தவர். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "எப்ப தங்கச்சி வந்தனீங்கள்? தம்பி சுகமோ?" என்றார். பிறகு, எல்லோரையும்போல, குரலைத் தாழ்த்தினார். "என்ன, விசேசம் ஒண்டும் இல்லையோ?"

சித்தி விரலில் இருந்த சம்பலை நக்கினார். நிலத்தைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்தார்.

"இல்லை அண்ணை. இனியும் இல்லை. இன்னொரு வடை தாங்கோ, சூடாப் பாத்து."